பரிமாறியவரைக் காணவில்லை

மாட்டுங்கா தியேட்டரிலிருந்து தாராவிக்கு ரயில் பாதையோரமாக நடந்துகொண்டிருந்தோம். அம்மா எல்லோருக்கும் முன்னால் போனாள். எங்கள் சந்துப் பெண்கள் பின்னால் வந்தார்கள். போன ஞாயிறு இதே வழியில் அம்மாவும் நானும் ஏறக்குறைய ஓடினோம்.

மதராஸில் வேலை பார்த்துவிட்டு வருகிறேன் என்று போன அப்பாவிடமிருந்து வெகுநாளாகத் தகவல் இல்லை. அங்கே வேறு குடும்பம் வைத்துவிட்டார் என்று சந்தில் பேசினார்கள். போன ஞாயிறு காலைக் காட்சியில், படத்துக்கு முன்னால், அடுத்த வாரம் வரப்போகும் தமிழ்ப் படத்தின் டிரெய்லர் ஓடியது. கல்யாணப் பந்தி. சாம்பார் வாளியோடு குனிந்திருந்த ஆள் நிமிர்ந்து சிரித்தார். அப்பா. கொஞ்சம் சதை போட்டிருந்தார். அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். அதற்குள் சண்டைக் காட்சி வந்துவிட்டது.

"அவிய சினிமாவுல இருக்காவ" என்று அம்மா வீடு வீடாகச் சொன்னாள். சந்தே டிக்கெட் எடுத்தது. தியேட்டர்காரருக்கு அப்படியொரு விளம்பரம் சும்மா கிடைத்தது.

இந்த ஞாயிறு படத்தில் பந்தி வந்தது. இலை போட்டார்கள், கதாநாயகன் பாதியில் எழுந்து போனான். வாளி தூக்கியவர் வரவில்லை. திரையில் 'சுபம்' விழுந்த பிறகும் அம்மா எழுந்திருக்கவில்லை.

பாலத்தருகே பக்கத்து வீட்டு அத்தை வாய் திறந்தாள். "ஏன் மைனி, பந்தியில எல்லாரும் சாப்புட்டாவ. பரிமாறுனவியளத்தான் காணல."

மற்றவர்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். போன வாரம் அப்பாவை நானும் பார்த்தேன் என்று சொன்னேன். அம்மா நின்று திரும்பினாள்.

"ஏல, நீ பாக்கல. நானும் பாக்கல. அது வேற யாரோ."

அவளுக்காகப் பேசிய என்னையே பொய்யனாக்கியது ஏன் என்று விளங்காமல் அழுதுகொண்டே நடந்தேன். ஆள் சதை போட்டுச் சிரித்துக்கொண்டு இருக்கிறார், ஆனாலும் வரவில்லை என்பதைவிட, ஆளையே காணோம் என்பது அவளுக்குச் சுமக்க இலகுவாக இருந்திருக்கும். அப்போது எனக்கு அது தெரியாது.

மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் தியேட்டருக்குப் போனேன். போஸ்டர் ஒட்டுகிற அண்ணாச்சி வாசலில் பசை கலக்கிக்கொண்டிருந்தார். டிரெய்லரில் வந்த ஆள் படத்தில் ஏன் இல்லை என்று கேட்டேன்.

"படம் முடியதுக்கு முன்னாலயே டிரெய்லர வெட்டிருவானுவ. பொறவு நீளம்னு தோணுனா படத்துல எதையாவது தூக்கிருவானுவ. தியேட்டருக்குள்ள ஆளக் கொண்டுவரத்தாம்ல டிரெய்லரு. காலிபீலி சும்மா நிக்காத, வாளியப் பிடி."

பிடித்தேன். கூலி கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை உள்ளே விடுவீர்களா என்று மட்டும் கேட்டேன். படம் வேண்டாம், அடுத்து வரும் படத்தின் டிரெய்லர் முடிந்ததும் வெளியே வந்துவிடுகிறேன் என்றேன்.