தீமை அணித் தலைவர்

பரந்தன் சந்தியில் ரயருக்குக் காற்றுப் போனால் ஒட்டுப் போட இரண்டு கடைகள் உண்டு. அவசரக்காரர்கள் மற்றக் கடைக்குப் போவார்கள். செல்வராசாவின் கடைக்குப் போகிறவர்கள் வீட்டில் சொல்லிவிட்டுத்தான் புறப்படுவார்கள்.

காரணம், ரயரைக் கழற்றி, ரியூபை உருவி, தண்ணீர்ப் பேசினுக்குள் அமுக்கிய பிறகுதான் செல்வராசா பேச்சைத் தொடங்குவார். சில்லுக் கழன்ற வண்டியை விட்டுவிட்டு யார் எழுந்து ஓட முடியும்? மழை நல்லதா கெட்டதா என்று கேட்பார். நீங்கள் நல்லது என்றால் அவர் கெட்டது. ஒருமுறை ஒரு தபால்காரர் தந்திரமாக, "ஓம் அண்ணை, நீங்கள் சொல்லுறதுதான் சரி" என்று தப்பப் பார்த்தார். செல்வராசா அந்த இடத்திலேயே கட்சி மாறி, சற்று முன் தான் சொன்னதையே கிழித்துத் தோரணம் கட்டினார். தபால்காரர் அன்று கடிதம் கொடுத்து முடிக்கப் பொழுதுபட்டுவிட்டது.

இந்த வாய்க்குத்தான் கிளிநொச்சியிலிருந்து துணுக்காய்வரை கோயில் திருவிழாக்களில் பட்டிமன்றம் என்றால் முதல் அழைப்பு. அவர் தோற்றதாகச் சரித்திரம் இல்லை. கிடைத்த பொன்னாடைகளால் அலுமாரி நிறைந்து, மிஞ்சியதில் ஒன்றை மனைவி வடிவம்மா தையல் மெசினுக்குப் போர்வையாக்கிவிட்டாள். இன்னொன்று குசினி யன்னலில் தொங்கியது.

செல்வராசா பிறந்தது மலையகத்தில், ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தகப்பன் ஒரு தகரப் பெட்டியையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு வன்னிக்கு வந்து இறங்கினார். அன்றைக்கு அதே லொறியில் வந்த இன்னொரு குடும்பத்துப் பெண்பிள்ளைதான் ராஜினி. இரண்டு வீட்டாரும் ஒரே காட்டு ஓரத்தில் கொட்டில் போட்டு, ஒரே கமக்காரரின் வயலில் கூலிக்கு நின்றவர்கள். ராஜினி பிறகு கலியாணம் முடித்து, கைக்குழந்தை நிஷாந்தனோடு கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

இப்போது அந்தக் கைக்குழந்தைக்குத்தான் செல்வராசாவின் மகள் அனோஜாவைப் பேசியிருந்தார்கள். சாதகம் பொருந்திவிட்டது. அதைவிட முக்கியமாக, ஒரு வருடமாகப் பிள்ளைகள் இருவரும் தொலைபேசியில் கதைத்துக் கதைத்துத் தாங்களாகவே பொருந்திவிட்டார்கள். ஆடைத் தொழிற்சாலையில் வேலை முடிந்து களைத்து வரும் அனோஜாவின் முகம், அந்தத் தொலைபேசி மணி கேட்டதும் விளக்கேற்றிய கோயில் மாதிரி ஆகிவிடும். அதைக் காணும்போதெல்லாம் வடிவம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. ராஜினி நேரில் வந்து சொல் முற்றாக்க வேண்டும்.

ராஜினி வந்தாள். முத்துமாரி அம்மன் கோயில் திருவிழாவுக்கே வந்தாள். ஏழாம் திருவிழா அவளுடைய உபயம். கனடாவிலிருந்து வந்த உபயகாரியைக் குளிர்விக்க வேண்டும் என்று கோயில் சபை கூடி யோசித்தது. ஓய்வுபெற்ற அதிபர் ஐயாத்துரை பட்டிமன்றத்துக்கு ஒரு தலைப்புத் தந்தார்: "குடியேறி வருவோரால் ஒரு நாட்டின் பொருளாதாரத்துக்கு விளைவது நன்மையா, தீமையா". நன்மை அணி கனடாத் தமிழரைப் புகழும், தீமை அணி சும்மா ஒப்புக்குப் பேசும், உபயகாரி மகிழ்ந்து மடப்பள்ளிக்குக் கூரை போட்டுத் தருவா என்பது சபையின் கணக்கு.

அந்தக் கோயிலில் யார் எந்தப் பக்கம் என்பதை மனிதர் தீர்மானிப்பதில்லை. அம்மன் சந்நிதியில் திருவுளச் சீட்டுப் போட்டு, ஐயர் எடுத்துக் கொடுப்பார். செல்வராசா கண்ணை மூடிக் கும்பிட்டுச் சீட்டை விரித்தார்.

தீமை.

எதிரணிக்கு வாய்த்தவள் சுகந்தினி என்ற இளம் ஆசிரியை. செல்வராசா அவளை வீதியில் மறித்து, தங்கச்சி, பக்கத்தை மாற்றுவோமா என்று கெஞ்சினார். அம்மாள் தந்த சீட்டை மாற்றினால் தனக்கு இடமாற்றம் வந்துவிடும் என்று அவள் மறுத்தாள். ஐயாத்துரையோ, தர்மசங்கடத்திலும் கடமை தவறாதவனே பேச்சாளன் என்று ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றி அனுப்பிவிட்டார்.

வீட்டில் வடிவம்மா தீர்ப்பைச் சுருக்கமாகச் சொன்னாள்.

"தோத்துப்போங்கோ."

"என்னப்பா கதைக்கிறீர்?"

"சம்பந்தி முன்வரிசையிலை இருக்கிறா. வந்தவையாலை நாடு கெட்டுப்போச்செண்டு அவவின்ரை முகத்துக்கு நேரை சொல்லப்போறியளோ? பிள்ளையின்ரை வாழ்க்கை. ஒரு நாளைக்குத் தோத்தால் செத்துப்போவியளோ?"

செல்வராசா மகளின் முகத்தைப் பார்த்தார். அவள் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். அதுதான் அவரைச் சுட்டது. பெற்ற பிள்ளைக்காகத் தன் கொடியைத் தானே இறக்குவது என்று அந்தத் தகப்பன் முடிவெடுத்தார். பேச்சை வேண்டுமென்றே சப்பென்று தயாரித்தார். நடுவே கொட்டாவி வரக்கூடிய இரண்டு இடங்களையும் சேர்த்துக்கொண்டார்.

பின்னேரப் பூசை முடிந்து மேடை கூடியது. கோயில் சபைச் செயலாளர் சாருஜன், கடல் கடந்த அடியார்களுக்காக முகநூலில் நேரலை போட்டான். முன்வரிசைக் கதிரையில் ராஜினி, பட்டுச் சேலையும் கறுப்புக் கண்ணாடியுமாக. சுகந்தினி முதலில் எழுந்து நன்றாகவே பேசினாள். ஊரவர் செய்யாத வேலையை வந்தவர்தான் செய்கிறார்கள் என்றாள். வந்தவருக்கும் வயிறு உண்டு, உடுப்பு உண்டு, ஆகவே கடைக்கு வியாபாரம் உண்டு என்றாள். கிழவர்கள் நிறைந்த நாட்டில் அவர்களின் ஓய்வூதியத்துக்கு வரி கட்டுவதே வந்த இளசுகள்தான் என்றாள். செல்வராசா மனதுக்குள் அவளுக்குக் கைதட்டிக்கொண்டு, தோற்பதற்காக எழுந்தார்.

தொடக்கம் திட்டப்படியே சப்பென்று போனது. சனம் கச்சான் கடலை உடைக்கத் தொடங்கியது. அப்போதுதான் சுகந்தினி ஒலிவாங்கியை மறைக்காமல் சொன்னாள்:

"நடுவர் அவர்களே, ஊரெல்லாம் ஒட்டுப் போடுற ஐயாவுக்கு இண்டைக்குத் தன்ரை காத்துப் போயிட்டுது."

கோயில் வீதி அதிரச் சிரித்தது. முன்வரிசையில் ராஜினியும் சிரித்தாள். செல்வராசாவின் காதுமடல் சிவந்தது. மகள், சம்பந்தம், கனடா எல்லாம் கண்ணிலிருந்து மறைந்து, ஒலிவாங்கி மட்டும் தெரிந்தது.

"ஊரவர் செய்யாத வேலையோ?" என்று தொடங்கினார். "செய்யாத வேலை எண்டு ஒண்டு இல்லைப் பிள்ளை. அந்தக் கூலிக்குச் செய்யாத வேலைதான் இருக்கு. அரைக் கூலிக்கு வாறன் எண்டு ஒருத்தன் வாசல்லை நிண்டால், முழுக் கூலி கேக்கிறவன்ரை அடுப்பு எப்பிடி எரியும்?"

கச்சான் உடைக்கும் சத்தம் நின்றது. அதன்பிறகு அவரை யாராலும் பிடிக்க முடியவில்லை. கடைக்கு வியாபாரம் என்றாளே, உழைத்ததை வந்தவன் இங்கேயா செலவழிக்கிறான், பாதியைக் கட்டி ஊருக்கல்லவா அனுப்புகிறான் என்றார். இருந்த வீடு அவ்வளவுதான், கேட்கிற ஆள் கூடினால் வாடகை ஏறாதா என்றார். ஆசுப்பத்திரிக் கட்டிலும் பள்ளிக்கூட மேசையும் தானாகக் குட்டி போடுமா என்றார். கடைசியில் சனத்தின் பக்கம் குனிந்தார்.

"முதல் ஒருத்தன் வருவான், கையிலை ஒரு பெட்டி. பாவம் எண்டு இடம் குடுப்பியள். அடுத்த மாசம் அவன்ரை மச்சான். அதுக்கடுத்த மாசம் மச்சானுக்கு மச்சான். எறும்பு மாதிரி. பிறகு பாத்தால், உங்கடை கிணத்தடியிலை உங்களுக்கு இடமில்லை."

சொல்லும்போது அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. நடிப்பில்லை, மெய்யான கண்ணீர். அது எங்கிருந்து வந்ததென்று அவருக்கே அப்போது விளங்கவில்லை. நடுவர் ஐயாத்துரை மூக்கைச் சிந்திவிட்டு, தீமை அணிக்கே தீர்ப்பு என்றார். எல்லோருக்கும் முன்னதாக எழுந்து கைதட்டியவள் ராஜினி. மேடைக்கு ஏறித் தன் கையாலேயே பொன்னாடை போர்த்தினாள். செல்வராசாவுக்கு உலகம் சொர்க்கமாகிவிட்டது. வென்றும் ஆயிற்று, சம்பந்தியும் கோபிக்கவில்லை.

அடுத்த நாள் காலை வாடகைக்குப் பிடித்த வான் வண்டியில் வந்து இறங்கினாள் ராஜினி. வடிவம்மா பயற்றம் பணியாரமும் முறுக்கும் தட்டில் அடுக்கினாள். அனோஜா குசினி யன்னலின் பொன்னாடைக்குப் பின்னால் நின்றாள்.

"செல்வராசா அண்ணை, ராத்திரி முழுக்க நான் கண்மூடேல்லை" என்றாள் ராஜினி. "நீங்கள் கதைச்சது ஒவ்வொண்டும் எங்கடை இடத்திலை நடக்கிறது."

பிறகு அடுக்கினாள். புதிதாகப் படிக்க வந்த பொடியன்கள் அவள் வேலை செய்யும் தொழிற்சாலையில் கிடைத்த சம்பளத்துக்கு நின்று, அவளுடைய மேலதிக நேர வேலை போய்விட்டது. வாடகை ஏறிவிட்டது. வைத்தியரைப் பார்க்கப் போனால் நடையில் காத்திருந்தே வந்த வருத்தம் தானாகச் சுகமாகிவிடுகிறது. தாங்கள் போன காலத்தில் இந்தக் கரைச்சல் ஒன்றும் இருக்கவில்லை, தாங்கள் யாருக்கும் பாரமாக இருக்கவும் இல்லை, எல்லாம் பின்னுக்கு வந்தவர்களால்தான் என்றாள். செல்வராசா முறுக்கைக் கடித்தபடி, வெற்றியின் சுவையில் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"அதுதான் அண்ணை, யோசிச்சுப் பாத்தன். இன்னுமொரு ஆளைக் கூப்பிட்டு அந்த நாட்டுக்கு நாங்களும் பாரமேத்தக் கூடாது. நிஷாந்தனுக்கு அங்கை இருக்கிற பிள்ளை ஒண்டைப் பாப்பம். நீங்கள் மட்டும் சொல்லாட்டி எனக்கு இந்தப் புத்தி வந்திராது."

முறுக்கு செல்வராசாவின் வாய்க்குள் உடைபடாமல் நின்றது. குசினிக்குள் ஒரு கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் ஒரு தகப்பனின் நெஞ்சில் போய் விழுந்தது.

பட்டிமன்றம் என்பது விளையாட்டு, சீட்டில் விழுந்ததைப் பேசினேன் என்றார் செல்வராசா. அம்மாள் எடுத்துத் தந்த சீட்டு விளையாட்டோ என்று கேட்டாள் ராஜினி. விட்ட கண்ணீரும் விளையாட்டோ என்றும் கேட்டாள். அவர் அவசரமாக நன்மைப் பக்கம் தாவினார். வந்தவரால் கடைக்கு வியாபாரம் என்றார். "பாதியைக் கட்டி ஊருக்கல்லோ அனுப்பீனம்" என்றாள் அவள். ஊரவர் செய்யாத வேலை என்றார். "அந்தக் கூலிக்குச் செய்யாத வேலை" என்றாள். சொல்லுக்குச் சொல் பாடமாக்கி வைத்திருந்தாள். வாழ்நாளில் முதல் தடவையாகச் செல்வராசா தனக்குச் சமமான எதிராளியைச் சந்தித்தார். அந்த எதிராளி நேற்றைய செல்வராசா.

வியர்வையைத் துடைத்துக்கொண்டு கதிரையில் சாய்ந்தார். அப்போது வடிவம்மா தட்டைத் தொப்பென்று வைத்தாள்.

"ராஜினி, இவர் கனடாவைக் கண்டவரே? கொழும்புக்குப் போனாலே தலை சுத்துற மனுசன். உதெல்லாம் எங்கையிருந்து எடுத்தவர் எண்டு கேளும்."

யாரும் கேட்காமலே செல்வராசாவுக்கு அது அப்போதுதான் விளங்கியது. நேற்று மேடையில் அவர் எதையும் யோசித்துப் பேசவில்லை. வந்த வார்த்தைகள் எல்லாம் சின்ன வயதில் வயல் வரம்பில், தகப்பனின் சாரத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டவை. கமக்காரர் மற்றக் கமக்காரருக்குச் சொன்னவை.

"தங்கச்சி," என்றார் மெல்ல. "அரைக் கூலிக்கு வாறன் எண்டு வாசல்லை நிண்டது என்ரை அப்பா. பெட்டியோடை வந்தவரும் அவர்தான். நான் பரந்தனை எடுத்துப்போட்டுக் கனடாவை வைச்சன், அவ்வளவுதான்."

ராஜினி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"அந்த எறும்புக் கதை?"

"அது கமக்காரர் உம்மடை அம்மாவுக்குச் சொன்னது. கச்சான் பிடுங்கப் போன இடத்திலை, தன்ரை தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போனவா. எனக்கு இண்டைக்கும் கண்ணுக்குள்ளை நிக்குது. தலையைக் குனிஞ்சுகொண்டு கச்சானையே பிடுங்கிக்கொண்டிருந்தவா."

அம்மாவை அப்படிச் சொன்னவரின் குரலில் தானும் ஒரு இரவு முழுக்க யோசித்துவிட்டேனே என்று ராஜினி அழத் தொடங்கினாள். வடிவம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். கூலி இறங்கியதென்னவோ உண்மைதான், அந்தக் கமக்காரர் அதே கூலியில் காடு வெட்டுவித்து மாடிவீடு கட்டியதும் உண்மைதான் என்று சொல்லிக்கொண்டே செல்வராசாவும் அழுதார். அழும்போதும் இரண்டு பக்கமும் பேசினார்.

இந்த நேரம் பார்த்து அனோஜா குசினியிலிருந்து வந்தாள். கையில் தொலைபேசி. திரையில் நிஷாந்தன். மூன்று பேரும் கதறுவதைக் கண்டு அவன் வெளிறிப்போனான்.

"அம்மா, ஆர் செத்தது?"

"ஒருத்தரும் இல்லையடா. அம்மம்மாவை நினைச்சு."

"அவா செத்து எவ்வளவு காலம்."

அனோஜா நிதானமாகச் சொன்னாள்: "நான் வந்தால் கனடாவுக்குப் பாரமாம். மாமி சொல்லுறா. அப்பா நிரூபிச்சும் போட்டார்."

"கனடாவை விடு," என்றான் நிஷாந்தன். "வேலைக்குக் கிட்ட எண்டு ஒரு பேஸ்மென்ட் வீடு எடுத்து, தனிய நிண்டு வாடகை கட்டிச் சாகிறன். நீ வந்து ஒரு வேலை எடுத்துப் பாதியைக் கட்டு. மிச்சத்தைக் கனடா பாத்துக்கொள்ளட்டும்."

அழுத கண்ணோடு ராஜினி சிரித்துவிட்டாள். இத்தனை வாதத்திலும் இப்படியொரு வாதத்தை ஒருவரும் எடுக்கவில்லை. ஒரு பணியாரத்தை எடுத்து வருங்கால மருமகளின் வாயில் ஊட்டினாள். சொல் முற்றாயிற்று.

பிறகு செல்வராசாவின் பக்கம் திரும்பினாள்.

"அண்ணை, சீதனம் ஒண்டும் வேண்டாம். ஆனால் ஒரு நிபந்தனை. நேற்றையப் பேச்சு உலகமெல்லாம் ஓடுது. விசா குடுக்கிறவன் பொம்பிளையின்ரை தகப்பனே இப்பிடிச் சொல்லுறான் எண்டு கண்டால்? சாருஜனிட்டைச் சொல்லி அதை அழிப்பியுங்கோ. பிள்ளைக்கு விசா வருமட்டும் நீங்கள் ஒரு வாதமும் செய்யக் கூடாது. மேடையிலும் இல்லை, கடையிலும் இல்லை."

இவ்வளவுதானா என்று செல்வராசா துள்ளிச் சத்தியம் செய்தார். கனடாவின் பத்திரங்கள் நகரும் வேகத்தை அவருக்கு அப்போது யாரும் சொல்லியிருக்கவில்லை.

கலியாண எழுத்து நடந்து, பத்திரங்கள் போய், ஒரு மாரி வந்து போய், அடுத்த திருவிழாவும் வந்துவிட்டது. பட்டிமன்றத்தில் சுகந்தினி எதிர்ப்பின்றி வென்றாள். செல்வராசாவின் கடையில் இப்போது ரியூப் தண்ணீருக்குள் விடும் குமிழிச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. காற்றுப் போகாத ரயர்க்காரர்கள்கூட வேடிக்கை பார்க்க வருகிறார்கள். அந்தத் தபால்காரர் நாள் தவறாமல் வந்து, மழை கெட்டது, வெயில் கெட்டது, வண்டிக்குக் காற்றே தேவையில்லை என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிப் பழிவாங்குகிறார். செல்வராசா பல்லைக் கடித்துக்கொண்டு ஒட்டுப் போடுகிறார்.

வெள்ளிக்கிழமைகளில் முதல் ஆளாக அம்மன் கோயிலுக்குப் போகிறார். கற்பூரத்தைக் கொளுத்தி, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி, வாய் திறந்து அவர் கேட்பதை ஐயரே கேட்டிருக்கிறார்.

"தாயே, கனடாவின்ரை கதவைத் திற. ஆரார் வரக் கேக்கினமோ அவ்வளவு பேரையும் கெதியாய் உள்ளை விடச்சொல்லு."