அம்பு இல்லாத கண்ணாடி

கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் அட்டெண்டர் வேலை என்றால், சோதனை சரியாக வந்தால் பேர் சாருக்கு, கெட்டுப்போனால் பேர் நமக்கு. என்னை முதலில் அவமானப்படுத்தியவர் பேராசிரியர் தண்டபாணி. இதைப் படிக்கிற அட்டெண்டர்கள் அவரவர் தண்டபாணியை நினைத்துக்கொள்ளலாம்.

ஒரே பக்கம்

நான் எட்டாவது ஃபெயில். சோமனூரில் தறி ஓட்டிவிட்டு இங்கே வந்தவன். எங்கள் ஆய்வகத்தில் திரவப் படிகம் சோதிப்பார்கள். கால்குலேட்டரில் எண் காட்டுகிற சாமான்தான். எங்களுடையது வளைகிற ரகம். மூலக்கூறு ஒவ்வொன்றும் இரண்டு குச்சியை ரப்பர் ட்யூபால் சேர்த்த மாதிரி இருக்குமாம்.

பூச்சு பூசிய இரண்டு கண்ணாடிச் சில்லை வெல்வெட் துணியால் ஒரே திசையில் தேய்த்து, நடுவே இதை நிரப்ப வேண்டும். தேய்த்த வாக்கில் படுத்துக்கொள்ளும். மின்சாரம் கொடுத்தால் எல்லாம் ஒரே பக்கமாக எழும், ஒளி மாறும். போகவும் வரவும் தேய்த்தால், படுத்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. எழும்போது பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். துணியின் வாகு தெரிந்த என் கையில் அது நடக்காது. தேய்த்த திசைக்குச் சில்லின் மூலையில் ஒரு அம்பு கீறிவிடுவேன். ஆராய்ச்சி மாணவி கவிதா முதல் நாள் பார்த்துவிட்டுச் சொன்னது: "அண்ணா, பஸ் கண்ணாடி தொடைக்கற மாதிரின்னு நெனச்சுட்டு வந்தனுங்க."

வெளியாட்கள் முன்னால்

ஒரு நாள் வெளியூரிலிருந்து இரண்டு பேராசிரியர்கள் பார்க்க வந்திருந்தார்கள். கவிதா வோல்ட்டை ஏற்றினாள். நுண்ணோக்கியில் திட்டுத் திட்டாக, நடுவே கோடு கோடாக வந்தது. எல்லார் முன்னாலும் தண்டபாணி சொன்னார்: "தறிக்காரனைக் கொண்டாந்து லேப்ல உட்டா இப்படித்தான்."

மூலை

அவர்கள் காபி குடிக்கப் போனதும் அந்தச் சில்லை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். அம்பு இல்லை, அப்படியானால் நான் தேய்த்ததில்லை. அப்பாவின் திதிக்கு நான் கொடுமுடி போயிருந்த இரண்டு நாளில் அதைத் தேய்த்தது சார். கவிதாவுக்கும் தெரியும்; பக்கத்தில்தான் இருந்திருக்கிறாள். "இதுல அம்பு எங்க அம்மணி?" என்று கேட்டேன். அவள் கண் கலங்கிவிட்டது. "அண்ணா, என்ற தீசிஸ்ல அவருதான் கையெழுத்துப் போடோணுங்க."

மறுநாள்

புதிதாக ஒன்று தேய்த்து, அம்பு கீறி, நிரப்பிக் கொடுத்தேன். வோல்ட் ஏறியதும் ஒரு கோடு இல்லாமல் மொத்தமும் ஒரே நிறமாக மாறியது. பழையதை மேசைமேல் வைத்து, "இது யாரு தேச்சதுங்க சார்?" என்றேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. என் தோளைத் தட்டிவிட்டுக் கவிதாவிடம் சொன்னார்: "பாத்தியாம்மா, நேத்துத் திட்டுனதுக்கு இன்னைக்கு வேல சுத்தமா இருக்குது."

பொன்னாடை வரிசை

போன வருசம் அவருக்கு ஓய்வு. பிரிவு விழா மைக்கில், "யாரு மனசாவது நோகற மாதிரி பேசியிருந்தா மன்னிச்சுக்குங்க" என்றார். கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. என் முறை வந்ததும் பொன்னாடையைக் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னேன்: "பொதுவா வேண்டாங்க சார். அன்னைக்கு லேப்ல நின்னு சொன்னீங்க. அதே எடத்துல நின்னு, தேச்சது நாந்தான்னு சொல்லுங்க. அப்பப் போத்தறனுங்க." போட்டோக்காரருக்காகச் சிரித்தபடியே கேட்டார்: "ஏனுங்க கந்தசாமி, இன்னுமா அதையப் புடிச்சுட்டுத் தொங்கறீங்க?"

அந்தக் கண்ணாடியும் பொன்னாடையும் என் டிராயரில்தான் இருக்கின்றன; வளைகிற சாமானையே ஒரே பக்கமாக எழுப்பிக் காட்டியவன் நான், அவர் வாயிலிருந்து அந்த ஒரு வரியை எழுப்பாமல் விடுவதாக இல்லை.