அம்மா பின்னிய பொய்ப்பூச்சி

மீன் கடையில் விராலின் சேற்று வாடை வந்ததும், தொண்ணூறுகளில் மானகிரிப் பக்கம் இருந்த எங்கள் கண்மாய் நினைவில் ஏறியது. தூண்டில் முள்ளில் சேவல் இறகை வைத்து, சிவப்பு நூலோடு தன் உதிர்ந்த முடியையும் சேர்த்துக் குரோஷா ஊசியால் அம்மா பொய்ப்பூச்சி பின்னித் தருவாள். அப்பா அதைத் தண்ணீர்மேல் துள்ளவிட்டு விரால் பிடிப்பார். அம்மா இறந்தபின், அவள் பின்னிய கடைசிப் பூச்சியை ஒரு விரால் தூண்டில் நரம்போடு அறுத்துக்கொண்டு போனது. அந்தக் கோடையில் கண்மாய் வற்றி, ஊரே சேற்றில் இறங்கி மீன் அள்ளியபோது, அப்பா ஒவ்வொருவரிடமும் போய் நின்றார்.

“அந்த விரால் வாயைக் கொஞ்சம் திறந்து காட்டுறீகளா?”

எந்த வாயிலும் சிவப்பு நூல் இல்லை.

இன்று கண்மாய் பிளாட்டுகளாகிவிட்டது, அப்பாவும் இல்லை. மீன்காரம்மா அரிவாள்மனையை இழுத்தார்.

“கொஞ்சம் பொறுங்கக்கா” என்று விராலை வாங்கி, வாயைத் திறந்து பார்த்தேன்.