வேண்டாத வீட்டை முதலில் காட்டு

1. புடவைக் கடையிலிருந்து மாடிக்கு

வீட்டு புரோக்கர் தொழிலுக்கு நான் வந்தது பெங்களூர் சிவாஜிநகர் துணிக்கடையிலிருந்து. பதினோரு வருஷம் புடவை செக்‌ஷனில் நின்றவள். கடைக்கு மேல்மாடியில் நயாஸ் பாயின் ரியல் எஸ்டேட் ஆபீஸ். ஒருநாள் டீ குடிக்க இறங்கி வந்தவர், நான் ஒரு கல்யாணக் கோஷ்டியைச் சமாளிப்பதை நின்று பார்த்திருக்கிறார். மறுநாள் கூப்பிட்டு அனுப்பினார்.

"இன்னாமா மங்கா, மொதல்ல மூணு புடவை எடுத்துப் போட்டியே, அதுல ஒண்ணுகூட எடுக்க மாட்டாங்கன்னு உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும் பாய்."

"அப்புறம் ஏன் போட்டே?"

"அதைப் பாத்து மூஞ்சி சுளிச்சாத்தான் அடுத்தது கண்ணுக்கு அழகாத் தெரியும் பாய்."

"பஸ், அது போதும். வீடும் அப்படித்தான். ஒண்ணாந்தேதிலேருந்து மேல வந்துடு."

முதல் நாளே ரெண்டு பாடம் சொன்னார். ஒரு பார்ட்டிக்கு மூன்று வீடு காட்டு. முதலாவது அவர்களுக்கு வேண்டாதது, இரண்டாவது கைக்கு எட்டாதது, மூன்றாவது நாம் விற்க வேண்டியது. முதல் வீட்டுக்கு எங்கள் ஆபீசில் டம்மி என்று பெயர். அடுத்த பாடம், செக்கில் கையெழுத்துப் போடுகிறவரோடு மட்டும் பேசு. "கூட வந்தவங்களுக்கு ஜூஸ் வாங்கிக் குடு, போதும்" என்றார் பாய்.

கூட வருகிறவர் பெரும்பாலும் மனைவி. நானும் ஒரு பொம்பளைதான். இருந்தும் அந்தப் பாடத்தை ஒரு கேள்வி கேட்காமல் பல வருஷம் கடைப்பிடித்தேன். ஜூஸ் மட்டும் நல்ல கடையில் வாங்குவேன்.

2. ரசமட்டம் கொண்டுவந்த பார்ட்டி

சண்முகம் சார் பீன்யாவில் ஒரு கம்பெனியில் டூல் ரூம் ஃபிட்டர். ஆரணிப் பக்கத்துக்காரர். பெங்களூருக்கு வந்து இருபத்தாறு வருஷத்தில் ஏழு வாடகை வீடு மாறியவர். ரிட்டயர் ஆக இன்னும் கொஞ்ச காலம்தான். மகளை ஓசூரில் கட்டிக்கொடுத்திருந்ததால் ஆனேக்கல் பக்கம் வீடு தேடினார். அங்கிருந்து ஒரு பஸ் ஏறினால் பேரப்பிள்ளையைப் பார்த்துவிடலாம். போனிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்.

"ஃப்ளாட்டு வாணாம் மேடம். மூணாவது மாடி காத்துக்கு எவன் பட்டா குடுக்கப் போறான்? காலுக்குக் கீழ மண்ணு நம்மளுதா இருக்கணும். தனி வீடு காட்டுங்க."

அப்படிச் சொன்னதால்தான் டம்மியாக ஒரு ஃப்ளாட்டைத் தேர்ந்தெடுத்தேன்.

அவரோடு மனைவி பொன்னியும் வந்தார். ஒல்லியான, சிரித்த முகம். புருஷனுக்கு ரெண்டடி பின்னால், அவர் சட்டை முதுகைவிட்டுக் கண்ணை எடுக்காமல் நடப்பார். இந்தக் காலத்திலும் இப்படி ஒரு பதிவிரதையா என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். இவர்கள் வாங்கும் வீட்டில் அந்த அம்மாள் தனியாக நடமாட முடியுமா என்பதுதான் முழுக் கேள்வியும். அது அன்றைக்கு அவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

சார் சட்டைப்பையில் விரல் நீளத்துக்கு, தரை சாய்வு பார்க்கிற ஒரு ரசமட்டம் இருந்தது. ஃப்ளாட்டில் தரை, ஜன்னல் கட்டை, சமையல் மேடை என்று ஒன்று விடாமல் வைத்துப் பார்த்தார். "லெவல் கரெக்டா இருக்குது. வேலைக்காரன் நல்லவன். ஆனா இன்னா புண்ணியம்?" என்று பையில் போட்டுக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் குஷி. டம்மி வேலை செய்கிறது.

திரும்பிப் பார்த்தால் பொன்னியக்காவைக் காணோம். பதறிக்கொண்டு கீழே இறங்கினோம். காம்பவுண்டுக்குள் கட்டடத்தைச் சுற்றி ஒரு நடைபாதை. வண்டி வராது, மேடுபள்ளம் கிடையாது. அதில் தன்னந்தனியாகக் கையை வீசிக்கொண்டு நடந்து வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"மூணு ரவுண்டு சுத்திட்டேங்க! ஒரு ரவுண்டுக்கு அறுநூத்திப் பத்து அடி."

"உன்னை வூடு பாக்கக் கூட்டியாந்தா நீ ரோடு அளந்துனு இருக்கியா?" என்று சார் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு ஜூஸ் வாங்கிக் கொடுத்தேன்.

இரண்டாவதாக, விலை கேட்டாலே தலை சுற்றும் ஒரு டூப்ளெக்ஸ். மூன்றாவதுதான் நான் விற்க நினைத்தது. இருபதுக்கு முப்பது சைட், கிழக்குப் பார்த்த வாசல், ரெண்டு ரூம். பேப்பரெல்லாம் சுத்தம். சொந்தக்காரர் ரிட்டயரான ஸ்கூல் மாஸ்டர். வாசலோரம் ஒரு முழம் மண் விட்டிருந்தார்கள். சண்முகம் சார் உட்கார்ந்து அந்த மண்ணைக் கையில் அள்ளினார்.

"பொன்னி, இங்க ஒரு கறிவேப்பிலை வெக்கலாம்."

அங்கே ரசமட்டம் வேறு கதை சொன்னது. வாசல்படி மூன்றும் மூன்று உயரம். "இதெல்லாம் ரெண்டு மூட்டை சிமென்ட்ல சரி பண்ணிக்கலாம்" என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். ஆசை வந்துவிட்டால் ஃபிட்டர் கண்ணுக்கும் கோணல் தெரியாது.

கிளம்பும்போது, தெருச் சாக்கடை மேல் போட்டிருந்த கல்லில் பொன்னியக்கா தடுக்கி விழப் பார்த்தார். பட்டப்பகல், பெரிய கல். நான் பிடித்துக்கொண்டு கேலி செய்தேன்.

"இன்னா அக்கா, வீட்டைப் பாத்து மயங்கிட்டீங்களா?"

அவரும் சிரித்தார். அந்தக் கேலியை நினைத்தால் இப்போதும் நாக்கைக் கடித்துக்கொள்வேன்.

3. கேட்டு வந்த பொய்

வெள்ளிக்கிழமை டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதாக முடிவானது. புதன்கிழமை மத்தியானம் பொன்னியக்கா தனியாக எங்கள் ஆபீஸ் மாடிப்படி ஏறி வந்தார். வெயிலில் முகம் சிவந்திருந்தது. பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ரெண்டு பேர் மேல் மோதி, ஒருத்தனிடம் திட்டும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

"அந்த ஃப்ளாட்டு இன்னும் இருக்குதா மங்கா?"

"இருக்குது அக்கா. சாருக்குத்தான் பிடிக்கலையே."

"எனக்கு ரெண்டு பக்கமும் கண்ணு தெரியல. நேராப் பாத்தா உன் மூஞ்சி தெரியுது. உன் தோளு தெரியல. பைப்புக்குள்ளேருந்து பாக்கற மாதிரி இருக்குது. இன்னும் சுருங்கிக்கினே போவும், மருந்து இல்லைன்னு டாக்டரு சொல்லிட்டாரு."

பதிவிரதை என்று நான் நினைத்ததும் அதுதான். முன்னால் போகிற சட்டையைக் கண்ணால் பிடித்துக்கொண்டால் வழி தவறாது.

"சாருக்குத் தெரியாதா?"

"இப்ப இருக்கற வூட்ல கண்ணை மூடிக்கினு வேலை செய்வேன். அவருக்கு எப்படித் தெரியும்? மகளுக்கும் சொல்லல. இதைச் சொன்னா அந்த வூட்டை விட்டுடுவாரு. இருபத்தாறு வருஷமா அவரு கேட்டது அது ஒண்ணுதான். என்னாலதான் போச்சுன்னு இருக்க வாணாம். நீ ஒண்ணு பண்ணு. பேப்பர்ல ஏதோ வில்லங்கம்னு சொல்லிடு. உன் பேச்சைக் கேப்பாரு."

வீட்டை விற்க எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். விற்காமல் இருக்க ஒரு பொய் சொல்லச் சொல்லி யாரும் கேட்டதில்லை. அந்த மாஸ்டரின் பேப்பரோ பளிங்கு மாதிரி சுத்தம். ஆனாலும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அந்த ஃப்ளாட்டு நடைபாதையில் அவர் கையை வீசி நடந்தது நினைவுக்கு வந்தது. சரி என்று சொல்லி, பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

4. வாசலில் நின்றது

வெள்ளிக்கிழமை காலை. சண்முகம் சார் புதுச்சட்டையில், வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்தார். பொன்னியக்கா தலையில் மல்லிகை. தெருமுனையிலேயே பொய்யைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். அந்த மனுஷன் முகத்தைப் பார்த்ததும் சொல்ல மனசு வரவில்லை. கேட் வரை வந்துவிட்டோம்.

மாஸ்டர் வீட்டில் பேசுவது கன்னடம். கைகூப்பி நின்றார். "மொதலு மனே லக்ஷ்மி பரலி. மொதல்ல அம்மா உள்ள வரட்டும்" என்றார். எல்லாரும் ஒதுங்கி வழி விட்டோம். சண்முகம் சாரும் ஒதுங்கினார்.

அக்காவுக்கு முன்னால் இப்போது சட்டை இல்லை.

கால் விரலால் சாக்கடைக் கல்லைத் தடவிப் பார்த்துத் தாண்டினார். கேட் கம்பியைத் தாண்டினார். முதல் படி ஏறிவிட்டார். இரண்டாவது படியில் நின்று, குனிந்து, கையால் படியைத் தொட்டார். கும்பிடுகிறார் என்று மாஸ்டர் நெகிழ்ந்துபோனார். ஆனால் அந்தக் கை படியின் விளிம்பில் விரலை விரித்து உயரம் பார்த்தது. அளவெடுக்கிற கை ஃபிட்டருக்குத் தெரியாதா?

சார் தட்டைக் காம்பவுண்டு சுவர்மேல் வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"எத்தினி நாளா பொன்னி?"

"தீபாவளிக்கு முன்னாலேருந்து."

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா இந்த வூட்டை விட்டுடுவீங்க."

அவர் அந்த ஒரு முழ மண்ணை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் மாஸ்டரிடம் திரும்பினார்.

"மன்னிச்சுக்குங்க சார். வூட்ல ஒரு குத்தமும் இல்ல. எங்களுக்கு ஒத்து வராது."

மாஸ்டர் முகம் சுளிக்கவில்லை. தட்டை எடுத்து பொன்னியக்கா கையிலேயே கொடுத்தார். நான் ஒரு மூலையில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பொய்க்கு வேலை இல்லாமல் போனதில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்ல முடியாது.

அன்றைக்கே மூவரும் ஃப்ளாட்டுக்குப் போனோம். இந்தத் தடவை ரசமட்டம் வீட்டுக்குள் போகவே இல்லை. மெயின் கேட்டிலிருந்து லிஃப்ட் வரை, லிஃப்ட்டிலிருந்து கதவு வரை, முழங்கால் போட்டு ஒவ்வொரு இடமாக வைத்துப் பார்த்தார். வாட்ச்மேன், இவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று என்னைப் பார்த்தான்.

நயாஸ் பாய்க்கு நம்பவே முடியவில்லை. "அரே, டம்மியை வித்துட்டு வந்திருக்கியே!" என்று சிரித்தார். நடந்ததைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டார். "எத்தினி பேருக்கு ஜூஸ் வாங்கிக் குடுத்து அனுப்பியிருப்போம் மங்கா?" என்றார்.

5. அறுநூற்றுப் பத்து அடி

ஃப்ளாட்டா தனி வீடா என்று இன்றைக்கும் என்னைக் கேட்கிறார்கள். நான் பதில் சொல்வதில்லை, திருப்பிக் கேட்கிறேன். பகல் பூரா அந்த வீட்டில் இருக்கப்போவது யார்? அவரைத்தான் முதல் சைட் விசிட்டுக்குக் கூட்டிப்போகிறேன். முன்னால் விட்டு, பின்னால் நடக்கிறேன். டம்மி காட்டுவதை விட்டுவிட்டேன். இதனால் கொஞ்சம் வியாபாரம் போயிற்று, போகட்டும்.

போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பொன்னியக்காவே கேட்டுக்கு வந்து அழைத்துப்போனார். சட்டை, கம்பு, துணை எதுவும் இல்லை. மாடி நடையில் எல்லாக் கதவும் ஒரே மாதிரி. அவர் கை சுவரோடு போய், ஒரு கைப்பிடியில் நின்றது. பித்தளையில் கறிவேப்பிலை இலை மாதிரி ஒரு சின்னத் தகடு. சண்முகம் சார் டூல் ரூமில் அவரே ராவி எடுத்தது. பால்கனியில் சிமென்ட் தொட்டியில் நிஜக் கறிவேப்பிலை. "மண்ணு கேட்டேன், தொட்டியில கெடச்சுது" என்றார் சார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் அவருக்கு அந்த வருத்தம் போகவில்லை என்று எனக்குத் தெரியும்.

கிளம்பும்போது அக்கா கீழே வரை வந்தார். பேச்சு மும்முரத்தில் நான் நடைபாதை விளிம்பைக் கவனிக்காமல் தடுக்கினேன். விழுவதற்குள் அவர் கை என் முழங்கையைப் பிடித்துவிட்டது.

"இன்னா மங்கா, வூட்டைப் பாத்து மயங்கிட்டியா?"

நாங்கள் சிரித்த சிரிப்பில் வாட்ச்மேன் எழுந்து நின்று பார்த்தான். அப்புறம் அவர் என் கையை விட்டுவிட்டு, நாலாவது ரவுண்டு பாக்கி இருக்கிறது என்று நடக்கப் போய்விட்டார்.