ஒரு பங்கு விற்ற வியாழக்கிழமை

மார்ச் 9, திங்கட்கிழமை. காலை ஒன்பதேகாலுக்குப் பங்குச் சந்தை திறந்தது. காப்பி நிறுவனத்தின் பங்கை விற்க ஆள் இருந்தது. வாங்க ஆள் இல்லை. பதினொரு மணிக்குப் பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைத் தாண்டி, ஆம்பூர் செல்லும் பக்கத்தில், அதே நிறுவனத்தின் காப்பிக் கடைப் பெயர்ப்பலகையை இரண்டு பேர் ஏணி வைத்துக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கடைக்குள் நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. காரை ஓரங்கட்டிப் பார்த்தேன். பகல் உணவுக்கு முன் வீடு திரும்பினேன்.

நடந்தது இவ்வளவுதான். முதலில் கண்டதை எழுதுங்கள், பிறகு நினைத்ததை எழுதுங்கள் என்று ஆய்வுக்கூடத்தில் என்னிடம் வேலை பழகிய இளைஞர்களுக்குச் சொல்லிவந்தவன் நான். கண்டதை எழுதியாகிவிட்டது. நினைத்ததை எழுதத்தான் உட்கார முடியவில்லை. மேலுள்ள பத்தியை முடிப்பதற்குள் இரண்டு முறை எழுந்து வாசல்வரை போய்வந்தேன். யாரும் வருவதாக இல்லை.

தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேதியியலாளனாக இருந்தவனுக்கு மூக்கு ஒரு பொருட்டல்ல. நான் ஓய்வு பெறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே என் மூக்கு ஓய்வு பெற்றுவிட்டது. என் மனைவி எஸ்தருக்கு நேர்மாறு. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றத் தொடங்கிய பிறகு அவள் மூக்கு கூர்மையாகி அவளை வதைத்தது. பாகாயத்தில் எங்கள் வீட்டுக்குள் இருந்தபடியே எதிர்வீட்டில் தாளிப்பது கடுகா சீரகமா என்று சொல்வாள். எல்லாவற்றிலும் மோசமானது காப்பி. டிகாஷன் இறங்கும் வாசனைக்கே குமட்டும். வீட்டில் காப்பியை நிறுத்தினோம். அந்த மாதத்தில்தான் அவள் காப்பி நிறுவனத்தின் பங்குகளை வாங்க விரும்பினாள்.

மேற்கு மலைகளில் தோட்டங்களும் நெடுஞ்சாலைகளில் கடைகளும் வைத்திருந்த பழைய நிறுவனம் அது. பங்கு அத்தனை மலிவு. ஒரு தம்ளர் காப்பியின் விலைக்கு மூன்று வாங்கலாம். மலிவாக இருப்பதற்குக் காரணம் இருக்கும் என்று தொடங்கி, கடன், வட்டி, லாபவிகிதம் என்று அரைமணி நேரம் விளக்கினேன். மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்தவள், மந்தமான மாணவன் கரும்பலகையில் கணக்குப் போடுவதைப் பார்ப்பதுபோலப் பொறுமையாகக் கேட்டாள்.

“முடிச்சிட்டீங்களா? குடிக்கத்தான் முடியலை, வெச்சிக்கவாவது வெச்சிக்கிறேனே. அந்தப் பச்சைப் பட்டன அழுத்துங்க.”

அழுத்தினேன். அவளுடைய ஓய்வூதியச் சேமிப்பு; அவளுடைய கைபேசி; விரல் மட்டும் என்னுடையது.

மருந்து ஏற்றும் நாள் வியாழக்கிழமை. மருத்துவமனைக் கூடத்தின் பெஞ்சில் எங்களுக்குப் பக்கத்தில் உட்காருபவர்கள் ஆம்பூரிலிருந்து வரும் குமரேசனும் அவர் மனைவி மலரும். குமரேசன் காலணித் தொழிற்சாலையில் தோல் வெட்டும் பிரிவில் மேற்பார்வையாளர். மலர் அதே தொழிற்சாலையில் தையல் பிரிவு. நோய் மலருக்கு. பேச்சு குமரேசனுக்கு. எஸ்தரின் கைபேசியை எட்டிப் பார்த்துப் பார்த்து, இரண்டாவது வாரமே அவரும் அதே பங்கை வாங்க டீமேட் கணக்கு தொடங்கிவிட்டார். அதற்கடுத்த வாரத்திலிருந்து எங்களுக்கு வணக்கம் சொல்வதை விட்டார்.

“இன்னா டீச்சர், நம்ம கம்பெனி இன்னா சொல்லுது?”

மலர் தலையில் கட்டிய ஸ்கார்ஃப்பைச் சரிசெய்துகொண்டே சொன்னாள். “கேன்டீன்ல ஒரு காப்பி வாங்கிக் குடுன்னா பேஜார் பண்ணுவாரு. இப்ப கம்பெனியே இவுருதாம்.”

எஸ்தர் அன்று சிரித்தாள். கையில் ஊசி குத்தியிருக்கும்போது சிரிக்காதீர்கள் என்று செவிலிப்பெண் கடிந்துகொண்டாள்.

அந்தச் சிரிப்பிலிருந்து பள்ளிகொண்டா யாத்திரை தொடங்கியது. கம்பெனி எப்படி நடக்கிறது என்று கடையைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பது குமரேசனின் கொள்கை. மருந்து ஏற்றி முடிந்ததும், தம்பதியைப் பள்ளிகொண்டாவில் பேருந்து ஏற்றிவிடுவதான சாக்கில், நான்கு பேரும் என் காரில் போவோம். பெண்கள் காருக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இருப்பார்கள். நானும் குமரேசனும் கடைக்குள் போய் ஆளுக்கொரு காப்பி குடித்துவிட்டு வந்து அறிக்கை தர வேண்டும். முனைவர் பட்டம் பெற்ற ஒருவன், அடுத்த மேசைக்காரர் என்ன வாங்கினார் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு நிற்கும் காட்சியை நீங்களே கற்பனை செய்துகொள்ளலாம்.

கூட்டம் எப்போதும் இருந்தது. குமரேசன் பூரித்துப் போவார். ஒருநாள் நன்றாக உற்றுப் பார்த்துவிட்டு வந்து, பெங்களூர்ப் பேருந்திலிருந்து இறங்கியவர்கள் நேராகக் கழிவறைக்குப் போய் நேராகப் பேருந்துக்குத் திரும்புவதாக எஸ்தரிடம் தெரிவித்தேன்.

“அதனால இன்னா சார், உள்ள வந்தாங்கல்ல?” என்றார் குமரேசன்.

எஸ்தர் அவரிடம் கேட்டாள், அவர் தொழிற்சாலையில் தயாராகும் காலணி ஆம்பூர்க் கடைகளில் கிடைக்குமா என்று. கிடைக்காது, எல்லாம் கப்பலேறிவிடும் என்றார் அவர். அப்படியானால் ஆம்பூர்ச் செருப்புக் கடையில் கூட்டம் குறைந்தால் அவர் கம்பெனி மூடிவிடுமா என்று கேட்டாள். குமரேசன் யோசித்தார். சுற்றிலும் ஏற்றுமதியிலேயே பிழைக்கிற ஊர்க்காரர்கள் நாங்கள், காப்பிக் கொட்டையைக் கப்பலில் அனுப்பும் கம்பெனியை அதன் கழிவறைக் கூட்டத்தை வைத்து எடைபோட்டுக்கொண்டிருந்தோம். இது நால்வருக்கும் புரிந்த பிறகும் அடுத்த வியாழனும் போனோம்.

பிறகு, ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை, பங்கு ஏறத் தொடங்கியது.

இத்தகைய மலிவுப் பங்குகள் ஒரு நாளில் இவ்வளவுதான் ஏறலாம், இவ்வளவுதான் இறங்கலாம் என்று வரம்பு உண்டு. ஏறும் வரம்பைத் தொட்டால் விற்பவர் இருக்கமாட்டார்; இறங்கும் வரம்பைத் தொட்டால் வாங்குபவர் இருக்கமாட்டார். எதுவானாலும் மறுநாள் காலைவரை காத்திருப்பது தவிர வேறு வேலை இல்லை. எஸ்தருக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துப்போனது. எட்டு மணிக்கே முகம் கழுவி, கூடத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிடுவாள். ஒன்பதேகால்வரை என்னால்தான் ஓரிடத்தில் இருக்க முடியாது. பீப்பாயில் தோல் பதமாவதற்குப் பொறுமையாகக் காத்திருந்து சம்பளம் வாங்கியவன், கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

போட்ட பணம் இரண்டு மடங்கு ஆன அன்று, விற்றுவிடலாமே என்றேன்.

“வித்துட்டா, நாளைக்குக் காலையில எழுந்து எதைங்க பாக்கறது?”

நான் மருந்துப் பெட்டியை எடுத்து மாத்திரைகளைச் சரிபார்க்கத் தொடங்கினேன். முந்தைய மாலையே சரிபார்த்து வைத்தவை.

அடுத்த வியாழக்கிழமை, குமரேசன் மருந்துச் சீட்டோடு வரிசையில் நிற்கப் போயிருந்தபோது, மலர் எஸ்தரின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். எப்போது விற்கப்போகிறீர்கள் என்று கேட்டாள். அவசரமில்லை என்றாள் எஸ்தர்.

“எனக்கு ஆபரேஷனுக்குன்னு பி.எஃப்ல எடுத்த பணம் டீச்சர் அது. பாதி மருந்துக்குப் போச்சு. பாதி உங்க காப்பில கீது. டீச்சர் விக்கட்டும், அப்புறம் விக்கறேன்றாரு. நான் சொன்னா கேக்கமாட்றாரு.”

குமரேசன் திரும்பி வந்ததும் நான் அவரைத் தனியே அழைத்து, உங்கள் பங்கை நீங்கள் விற்றுவிடுங்கள், டீச்சர் கணக்கு வேறு என்றேன். “டீச்சருக்குத் தெரியாததா சார்?” என்று சொல்லி என் தோளைத் தட்டினார்.

அன்று பள்ளிகொண்டா வேண்டாம் என்றாள் எஸ்தர். அவர்களைப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தோம். சந்தை மூட இன்னும் நேரம் இருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து கைபேசியை என்னிடம் நீட்டினாள்.

“ஒண்ணு வித்துடுங்க.”

எத்தனை என்று மறுபடி கேட்டேன்.

“ஒண்ணே ஒண்ணு. வித்தேன்னு அவர்கிட்ட சொல்லணும். பொய் சொல்ல எனக்கு வராது.”

விற்றேன். அந்த ஒரு பங்கின் விலையைவிட அதை விற்றதற்கான கட்டணம் அதிகம். இதை அவளிடம் சுட்டிக்காட்டினேன் என்பதை வெட்கத்தோடு பதிவு செய்கிறேன். அவள் அதற்குள் குமரேசனை அழைத்துவிட்டிருந்தாள். பேருந்து இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் கேட்டது.

“குமரேசன், நான் இன்னிக்கு வித்துட்டேன். நீங்களும் இப்பவே வித்துடுங்க.”

“இன்னா டீச்சர் திடீர்னு? எல்லாத்தையுமா?”

எஸ்தர் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். “மலர் பக்கத்துல இருக்காளா? போன அவகிட்ட குடுங்க.”

மலரிடம் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். குடியாத்தம் பிரிவைத் தாண்டுவதற்குள் குமரேசன் எல்லாவற்றையும் விற்றிருந்தார்.

வெள்ளிக்கிழமையும் பங்கு ஏறியது. குமரேசன் அழைத்தார். அவசரப்பட்டுவிட்டோமோ என்று கேட்டார். குரலில் மரியாதை கொஞ்சம் கம்மியாகவே இருந்தது. அன்று முழுவதும் எஸ்தர் ஒன்றும் சாப்பிடவில்லை. நான் வீட்டுக்கும் தெருமுனைக்குமாக நடந்தேன். திங்கட்கிழமை இறங்கத் தொடங்கியது. பிறகு தினமும் வரம்பு வரை இறங்கியது, வாங்க ஆளில்லை. வியாழனன்று குமரேசன் ஒரு பெட்டி மக்கன் பேடாவோடு வந்து அதை எஸ்தரின் மடியில் வைத்தார். வாயில் எதுவும் ருசிக்காத அந்த நாட்களில் அவள் பாதி பேடாவைத் தின்றாள். தின்றபடியே கைபேசியில் விலையைப் பார்த்தாள்.

“வித்தப்புறமும் இன்னாத்துக்கு டீச்சர் பாக்கறீங்க?” என்றாள் மலர்.

“பழக்கம்” என்றாள் எஸ்தர்.

இறங்கிய நாட்களிலும் அவள் எட்டு மணிக்கு முகம் கழுவினாள். கடைசி மூன்று காலைகளில் மட்டும் நான் விலையைப் படித்துச் சொல்ல, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டாள். மழைக்காலம் தொடங்கும் முன் எஸ்தர் இறந்தாள்.

கல்லறைத் தோட்டத்தில் குமரேசன் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். “நேரம் பாத்து வித்தாங்க சார். கணக்கு டீச்சர் இல்ல?” என்றார். ஆமாம் என்றேன். மலருக்கு அறுவை சிகிச்சை முடிந்து, முடி வளர்ந்து, மறுபடி தையல் பிரிவுக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். மருத்துவமனைப் பெஞ்சில் இப்போது வேறு நால்வர் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் எதைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்களோ தெரியாது. நெடுஞ்சாலையில் இனி நாங்கள் வேவு பார்க்க ஒரு கடை இல்லை. காலை எட்டு மணிக்கும் ஒன்பதேகாலுக்கும் நடுவே இந்த வீட்டில் ஒரு பதற்றம் இருந்தது. அதைத் தாங்க முடியவில்லை என்று அப்போது குறைபட்டுக்கொண்டேன். இப்போது அந்த நேரம் வெறும் நேரமாகக் கடந்துபோகிறது. நடப்பது மட்டும் எனக்கு நிற்கவில்லை.

செய்யாமல் கிடப்பவை:

பங்குகளை என் பெயருக்கு மாற்றும் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவது.

எஸ்தரின் கைபேசிக்கு இனியும் கட்டணம் கட்டுவதா என்று முடிவு செய்வது.

ஆம்பூருக்கு ஒருமுறை போய்வருவது.

எத்தனை விற்றாள் என்று குமரேசனிடம் சொல்வது.