மூணு பேர் போன பிறகு எங்க கபடி டீம்

பட்டாசு கம்பெனியில போர்மேன் வேலைன்னா "ஓடு, திரும்பிப் பாக்காத"ன்னு சொல்லிக் குடுக்கிற வேலை. கபடி டீமுக்கு மேனேஜர் வேலைன்னா "தொட்டுட்டுத் திரும்பி வா"ன்னு சொல்லிக் குடுக்கிற வேலை. இந்த ரெண்டையும் ஒரே ஆளுகளுக்கு, ஒரே தொண்டையில, பல வருசமாச் சொல்லிக் குடுத்த பாவி நான். ஊர்லயோ ஆபீஸ்லயோ ஒரு டீமைக் கட்டி, நல்ல ஆளுகளா கழண்டு போனதும் தலையில கைய வச்சு உக்காந்தவங்க உங்கள்ல நெறையப் பேர் இருப்பீங்க. உங்களுக்குத்தான் இதைச் சொல்றேன். மத்தவங்ககிட்டச் சொன்னா, விளையாட்டுதானேம்பாங்க.

ரெண்டாயிரத்துக்குப் பிறகு ரெண்டு மூணு வருசம் இருக்கும். எங்க கம்பெனி சிவகாசியிலருந்து சாத்தூர் போற ரோட்டுல, கொஞ்சம் உள்ள தள்ளி இருந்துச்சு. தீபாவளி லோடு எல்லாம் ஏறிப் போனதும் வேலை கொறஞ்சிரும், கபடி ஆரம்பிச்சிரும். பொங்கலையொட்டி சாத்தூர்ல கம்பெனி டீம்களுக்குன்னு ஒரு போட்டி நடக்கும். முந்தின வருசம் அதுல நாங்க ரெண்டாவது. ஆனா அந்தப் பைனல்ல ஆடுன ஏழு பேர்ல மூணு பேர் இந்த வருசம் இல்ல.

மொதலாளி நல்லவர்தான், ஆனா அவருக்கு எல்லாம் எழுத்துல வேணும். "டீம் நெலமை என்ன, எழுதிக் குடுங்க"ன்னார். எழுதிக் குடுத்தேன். படிச்சுப் பாத்துட்டு, செமிபைனல் வந்தா கிரவுண்டு உங்களுக்கு, வரலைன்னா அங்கன பேக்கிங் செட்டுப் போட்ருவேன்னு சொல்லிட்டார். அந்தக் காம்பவுண்டுக்குள்ள எங்க ஆளுக வாய்விட்டுக் கத்திச் சிரிக்கிறதுக்கு இருந்த ஒரே எடம் அந்தக் கிரவுண்டு.

போலீஸ் எடுத்துக்கிட்ட ஆள்

முதல்ல போனவன் முத்துராஜ். பாடிப் போறதுல அவனுக்கு ஈடு எங்ககிட்ட யாருமே கிடையாது. எதிராளி கட்டத்துக்குள்ள பூனை மாதிரி போவான், நாலு பேர் பிடிச்சாலும் நழுவிட்டு வந்துருவான். போலீஸ் செலக்‌ஷனுக்குப் போனான், ஓட்டத்துலயே எடுத்துக்கிட்டாங்க. கடைசி நாள் சாத்தூர் சேவு ஒரு பொட்டலம் வாங்கிட்டு வந்து என் முன்னாடி நின்னான்.

எனக்குக் கோவம்னா கோவம். வாழ்த்தி அனுப்பியிருக்கலாம், வாய் சும்மா இருக்கல. "ஏலே, ஓடுறதுக்குத்தான போற? அந்த ஓட்டத்த இங்கன ஓடக்கூடாதா?"ன்னு கேட்டுப்புட்டேன். அவன் சிரிக்கக்கூட இல்ல.

"அங்க வேலைக்கு ஓடணும் அண்ணாச்சி. இங்கன உசுருக்குல்ல ஓடணும்."

கார்னர்ல நின்னவன்

ஆடி மாசம், சீசன் உச்சத்துல, எங்க கம்பெனியில ஒரு ரூம் வெடிச்சுச்சு. எங்க கேப்டன் பால்ச்சாமிக்கு அதுலதான் கை போச்சு. அதைப் பேச எனக்குக் கொஞ்சம் தைரியம் வேணும், அப்புறம் சொல்றேன். அதுக்கு அடுத்த வாரமே ரெண்டாவது ஆள் போயிட்டான். செல்வம். இடது கார்னர்ல நிப்பான். அவன் கணுக்காலப் பிடிச்சான்னா பிடிச்சதுதான்.

அவன் வரல, அவன் சம்சாரம்தான் என் வீட்டுக்கு வந்துச்சு. திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேலை பேசிட்டாக, நாளைக்குப் பஸ்ஸுன்னுச்சு. நான் அப்பவும் மேனேஜராத்தான் பேசுனேன். பொங்கல் போட்டிக்கு மட்டுமாச்சும் அனுப்பி விடும்மா, கார்னருக்கு வேற ஆள் இல்லன்னேன். அந்தப் பிள்ளை வாசப்படி எறங்கிக்கிட்டே கேட்டுச்சு.

"ஒரு ஆள் கொறஞ்சா நீங்க வேற ஆள எறக்குவீக அண்ணாச்சி. நான் யார எறக்க?"

துண்டுல ஒட்டுன வெள்ளி

பால்ச்சாமி எப்படிப்பட்ட ஆள்னு தெரியணும்னா முந்தின வருசத்துச் செமிபைனலச் சொல்லணும். பாதி ஆட்டத்துல எதிர் டீம் மேனேஜர் எந்திரிச்சு, "இவங்க ஒடம்புல என்னமோ தடவிட்டு வந்திருக்காங்க, பிடி நழுவுது"ன்னு சத்தம் போட்டார். எண்ணெய் தடவிட்டு ஆடக் கூடாதுல்ல. நடுவர் ஒரு வெள்ளைத் துண்ட எடுத்துட்டு வந்து எங்க ஆளுகள வரிசையா நிப்பாட்டி முதுகத் தொடச்சுப் பாத்தார். துண்டு சாம்பல் கலர்ல பளபளன்னு வந்துச்சு. கூட்டம் ஓன்னு கத்துச்சு.

அது பட்டாசு மருந்துல கலக்குற அலுமினியப் பவுடர். வேர்த்தா உள்ளருந்து வர்ற மாதிரி வரும். என் பொண்டாட்டி என் தலகாணி உறையத் தனியாத்தான் துவைப்பா. இத அந்த நடுவருக்கு எப்படி வெளங்க வைக்கன்னு நான் முழிக்கும்போது பால்ச்சாமி முன்னாடி வந்தான். கைய ரெண்டையும் விரிச்சுக் காட்டுனான். ரேகைக்குள்ளல்லாம் வெள்ளி.

"பூசிட்டு வரல சார். கழுவிட்டுத்தான் வந்திருக்கோம்."

வேப்பமரம் வரைக்கும் ஓடுனவன்

முத்துராஜுக்குப் பதிலா அய்யனாரப் பாடிப் போக விட்டேன். பேக்கிங்ல வேலை பாத்தவன். நெட்டை, நல்ல மூச்சு, சொன்ன பேச்சுக் கேப்பான். சொன்ன பேச்சு கேக்குறதுதான் வினையாப் போச்சு. முதல் நாள் பிராக்டிஸ்ல ஒருத்தனத் தொட்டுட்டான். அந்த நேரம் பாத்துப் பக்கத்துக் கம்பெனியில சாம்பிள் வெடி ஒண்ணு போட்டுப் பாத்தாங்க. டமார்னுச்சு. அய்யனார் நடுக்கோட்டப் பாத்துத் திரும்பல. நேரா முன்னாடி, எதிராளி கட்டத்தத் தாண்டி, கிரவுண்டத் தாண்டி, வேப்பமரம் வரைக்கும் ஓடிட்டான்.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நானும் சிரிச்சுக்கிட்டேதான் போயி, "ஏலே கூறுகெட்டவனே, தொட்டா திரும்பி வரணும்லே"ன்னேன். மூச்சு வாங்கிக்கிட்டே சொன்னான்.

"சத்தம் கேட்டாத் திரும்பாதன்னு வாரா வாரம் நீங்கதான அண்ணாச்சி சொல்லுதீக."

மல்லாங்கிணத்துப் பாயிண்ட்

புது ஆளுகளப் பழக்கணும்னு மல்லாங்கிணத்துக்கு ஒரு மேட்சுக்குக் கூட்டிட்டுப் போனேன். வெள்ளாமை பாக்குற ஆளுக, உரம் பாஞ்ச ஒடம்பு. ஆனா எங்க பசங்களும் சளைக்கல. அய்யனார் உள்ள போயி அவங்களுக்கு நல்லா ஆட்டங்காட்டிட்டு நின்னான். அப்பத் தூரத்துல எங்கனயோ அடிவயித்துல விழுகுற மாதிரி ஒரு சத்தம். எங்க ஏழு பேரும் அப்படியே நின்னுட்டாங்க. ஏழு தலையும் தெக்க, எங்க கம்பெனி இருக்கிற பக்கம் திரும்பிருச்சு. புகை தெரியுதான்னு பாக்குறாங்க. நானும்தான்.

எதிராளிக்கு ஒண்ணும் புரியல. அய்யனாரை அலுங்காம மூணு பேர் தூக்கிட்டாங்க. விசில் ஊதி பாயிண்டும் குடுத்தாச்சு. எங்க ஆளுக அப்பவும் அசையல. அந்த ஊர் மேனேஜர் பதறிப் போயி ஓடி வந்து, "அது கல் குவாரிப்பா, தெனம் இந்நேரம் வெடி வைப்பாக"ன்னார். கீழ கெடந்த அய்யனார் அவர் காலப் பிடிச்சுக்கிட்டான்.

"பாயிண்ட நீங்களே வச்சுக்கோங்க. குவாரிதான்னு இன்னொரு தடவ சொல்லுங்க."

நான் எழுதுன ரிப்போர்ட்

சரி, சொல்லிர்றேன். அந்த ஆடி மாசம் காலையில நான், வெடிச்சா எல்லாரும் ஓடி வர வேண்டிய அந்த வேப்பமரத்துக்கிட்ட நின்னேன். மருந்து அடைக்கிற ரூம்ல நாலு பேர், சட்டப்படி அம்புட்டுத்தான் இருக்கலாம். உள்ள புஸ்ஸுன்னுச்சு. ரெண்டு பேர் ஓடி வந்துட்டாங்க, மூணாவதா பால்ச்சாமி. என் கைக்கெட்டுற தூரத்துக்கு வந்துட்டான். அங்கன நின்னு, எண்ணுற மாதிரி ரெண்டு பேரையும் பாத்தான். நாலாவது ஆள் மாரியம்மாளக் காணோம். திரும்பிட்டான். "ஓடுலே, திரும்பாதலே"ன்னு தொண்டை கிழியக் கத்துனேன். அவன் உள்ள போயி அந்தப் பிள்ளை மணிக்கட்டப் பிடிச்சு இழுத்துட்டு வரவும், ரூம் வெடிக்கவும் சரியா இருந்துச்சு. மாரியம்மா தப்பிச்சுட்டா. பால்ச்சாமிக்கு வலது கை வெந்து, விரல் அஞ்சும் ஒட்டிப் போச்சு.

சூலக்கரையில இருக்கிற கவர்மெண்டு ஆபீசுக்கு அனுப்ப ரிப்போர்ட் எழுதுற வேலை எனக்கு. 'காயத்துக்குக் காரணம்'னு ஒரு கட்டம். "தொழிலாளி விதியை மீறித் திரும்பிச் சென்றார்"னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதுல ஒரு எழுத்துகூடப் பொய் இல்ல. ஆனா எழுதுன நாள்லருந்து எனக்குச் சோறு எறங்கல. ஒரு மாசம் கழிச்சு அவன் வீட்டுக்குப் போயி, இப்படி எழுதிட்டேன்பான்னு சொல்லிட்டேன். திட்டுவான்னு நெனச்சேன். திட்டியிருந்தா வயிறு நெறஞ்சிருக்கும். அவன் கட்டுப் போட்ட கைய எடுத்து மடியில வச்சுக்கிட்டான்.

"ஓடுன்னும் நீங்கதான் சொன்னீக, திரும்பி வான்னும் நீங்கதான் சொன்னீக. அன்னைக்கு எது ஞாபகம் வந்துச்சோ அதைச் செஞ்சேன் அண்ணாச்சி."

சுண்ணாம்புக் கோடு

பிராக்டிஸ் ஆரம்பிச்ச ரெண்டாவது வாரம், கிரவுண்டுக்கு நான் போறதுக்கு முன்னாடியே கோடெல்லாம் போட்டிருந்துச்சு. கயிறு பிடிச்ச மாதிரி நேர்கோடு. யாருடான்னு பாத்தா, மாரியம்மா சுண்ணாம்புச் சட்டியோட நிக்கிறா. வேண்டாம்மா, வெயில்ல எதுக்குன்னேன். அவ காதுல வாங்கல. நடுக்கோட்ட மட்டும் ரெண்டு மடங்கு அகலமாப் போட்டிருந்தா. இப்படிப் போடக் கூடாது, ரூல்ஸ் இருக்குன்னு சொன்னேன்.

"இருக்கட்டும் அண்ணாச்சி. உள்ள போறவனுக்கு எங்கன நின்னு பாத்தாலும் தெரியணும்ல."

பன்னெண்டு பேர்

சாத்தூருக்குப் பன்னெண்டு பேர் லிஸ்ட்டுக் குடுக்கணும். பதினொண்ணு எழுதிட்டேன். கேப்டன்ங்கிற எடத்துல பேனா நகரல. பால்ச்சாமி பின்னாடியே வந்து நின்னதக் கவனிக்கல. லிஸ்ட்ட எட்டிப் பாத்தான். புது ஆளுக பேரு ஒவ்வொண்ணா வாசிச்சு, யாரு எங்கன நிக்கணும்னு சொன்னான். எல்லாம் சரியாச் சொன்னான். அப்புறம் கேப்டன் எடத்துல இடது கை விரல வச்சான். உன்னைய எப்படிப்பா ஆட விடுறதுன்னேன்.

"ஆடுறதுக்கு யாரு கேட்டா? டாஸ் சுண்ட இடது கை போதும்."

சாத்தூர்

டாஸ் அவன்தான் சுண்டுனான், ஜெயிச்சான். முதல் மேட்சு ஜெயிச்சோம். ரெண்டாவதும் ஜெயிச்சோம். அடுத்தது ஜெயிச்சா செமிபைனல், கிரவுண்டு எங்களுக்கு. மொதலாளி சேர் போட்டு உக்காந்துட்டார். அந்த மேட்சோட கடைசி நிமிசம், ஒரு பாயிண்ட் பின்னாடி இருக்கோம். அய்யனார் பாடிப் போறான். ஒருத்தனத் தொட்டா சமம், ரெண்டு பேரத் தொட்டா ஜெயிச்சோம். நல்லா உள்ள போயிட்டான். கார்னர்ல நிக்கிறவன் கால் ஒரு சாண் தூரம்தான். இன்னொரு எட்டு வச்சாத் தொட்ருவான்.

எதிர் டீம்காரன் எவனோ ஜெயிச்சதா நெனச்சுச் சரவெடியக் கொளுத்திட்டான். அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு சாத்தூர் மறந்துருச்சு, செமிபைனல் மறந்துருச்சு. கண்ணு முன்னாடி அந்த ரூமும் பால்ச்சாமி முதுகும்தான். என்னை அறியாம என் தொண்டை கத்துது, "திரும்பி வாலே! வந்துர்றா!"ன்னு. அய்யனார் சொன்ன பேச்சு கேக்குறவன்ல, யாரையும் தொடாம அப்படியே திரும்பி ஓடி வந்து கோட்டத் தாண்டிட்டான். விசில் ஊதிட்டாங்க. ஒரு பாயிண்ட்ல தோத்தோம். பால்ச்சாமி இடது கையால என் தோளப் பிடிச்சுக்கிட்டான். நான் அய்யனார்கிட்டப் போயி, என்னாலதான்டா போச்சுன்னேன். அவன் முகத்துல வருத்தமே இல்ல.

"கூப்பிட்டீக, வந்துட்டேன் அண்ணாச்சி."

கிரவுண்டுல செட்டுப் போட்டுட்டாங்க, போகட்டும். தோத்ததுக்குக் காரணம் எழுதிக் குடுங்கன்னு மொதலாளி கேட்டதுக்கு, "பாடிப் போனவர் பத்திரமாகத் திரும்பி வந்தார்"னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்த மேனேஜர் இந்த ஜில்லாவுலயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.