சூளகிரி மேட்டில் விழுந்த செயின்

செயின் விழுந்தால் எனக்கு அடி விழும். கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டு நடைமுறை அதுதான்.

என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். ஜவளகிரிக் காட்டிலிருந்து மரம் ஏற்றிக்கொண்டு பெங்களூருக்குப் போவார். லாரி ஓடாத நாட்களில் சைக்கிள் ரேஸ். பெங்களூர் கண்டோன்மென்டில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் தன் ஊருக்குத் திரும்பும்போது விற்ற சைக்கிளை அவர் வாங்கி வந்திருந்தார். ஓசூரில் அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை. பெடல் பக்கம் பெரிது ஒன்று, சிறிது ஒன்று என்று இரண்டு பல்சக்கரங்கள். சமதரையில் பெரியதில் செயின் ஓடும். மேடு வந்தால் சீட்டுக்குக் கீழே கையை விட்டு ஒரு கம்பியைத் திருப்ப வேண்டும். கம்பியின் கீழ்முனையில் இரண்டு தகடுகள் செயினை நடுவில் வைத்துக்கொண்டிருக்கும். அவை செயினைச் சிறிய சக்கரத்துக்குத் தள்ளிவிடும். அதற்கு என்ன பேர் என்று எங்களுக்குத் தெரியாது. தள்ளி என்றுதான் சொல்வோம்.

அவருக்குப் பொறுமை கிடையாது. ஸ்பேனரை எடுத்தால் மரை போகும்வரை முறுக்குவார். நான் தையல் மிஷினோடு வளர்ந்தவள். நூல் அறுந்தால் எந்தத் திருகை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று கைக்குத் தெரியும். ஒரு நாள் அவர் கோபத்தில் தள்ளியைக் கழற்றி வாசலில் வீசிவிட்டுப் போனார். நான் அதை எடுத்து மண்ணெண்ணெயில் கழுவி, நெளிந்த தகட்டை நிமிர்த்தி மாட்டினேன். பெரிய சக்கரத்தின் பல்லுக்கும் வெளித்தகட்டுக்கும் நடுவில் ஒரு காசு நுழையும் இடைவெளி. தகடு சக்கரத்துக்கு நேராக நிற்க வேண்டும், கோணக் கூடாது. தள்ளி உள்ளே எவ்வளவு போகலாம், வெளியே எவ்வளவு வரலாம் என்பதைத் தடுக்க இரண்டு திருகுகள். அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்து நிறுத்தினேன். அவர் ஓட்டிப் பார்த்துவிட்டு ஸ்பேனரை என் பக்கம் நகர்த்தி வைத்தார். அன்றிலிருந்து அது என் வேலை ஆயிற்று. அந்த வேலையில் எது தவறினாலும் குற்றமும் என்னுடையது ஆயிற்று.

முதல் அடி கையால். அத்திப்பள்ளிப் பக்கம் ஏதோ ஒரு பந்தயத்தில் செயின் வெளிப்பக்கம் விழுந்து பெடலில் சுற்றிக்கொண்டதாம். வந்ததும் கன்னத்தில் அறைந்தார். காது இரைந்தது. அடுத்த முறை, தேய்ந்துபோனதென்று ஆணியில் மாட்டி வைத்திருந்த பழைய செயினை இரண்டாக மடித்துக்கொண்டு வந்தார். தோளில் பட்டது. ரவிக்கை கிழிந்து, செயினின் கண்ணிகள் வரிசையாகத் தோலில் பதிந்தன. எண்ணெய்க் கறை புண்ணுக்குள் போய்க் கறுத்துவிட்டது. இன்றைக்கும் அந்த இடம் கறுப்பாகத்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வரைக்கும் ஒரு பந்தயம் வைத்தார்கள். அதற்காக அவர் கோழி அடித்துக் குழம்பு வைக்கச் சொல்லி, ஆசை ஆசையாகக் காத்திருந்தார். பந்தயத்தன்று காலையில் சைக்கிளைச் சுற்றிப் பார்த்தவர், “இது உரசுதுடி. சத்தம் கேக்குது பாரு” என்றார்.

சிறிய சக்கரத்தில் செயின் ஓடும்போது உள்தகடு லேசாக உரசியது உண்மை. “நூலளவு நவுத்துனா போதுங்க. குடுங்க, நான் பண்றேன்” என்றேன்.

“உன்னிய நம்பித்தான் இத்தனி நாளு தோத்தேன்” என்று ஸ்பேனரைப் பிடுங்கினார். தள்ளியை மேலே ஏற்றினார். உள்பக்கத் திருகைத் தளர்த்தினார். நான் எட்டிப் பார்த்தேன். தகடு சிறிய சக்கரத்தையும் தாண்டி உள்ளே போய் நின்றது.

“இப்பிடி வுட்டா மேட்டுல செயின் உள்ள வுழுந்துரும்.”

“வாய மூடு” என்றார். மூடிக்கொண்டேன்.

ஓசூரில் பந்தயம் முடிகிற இடத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றேன். பெங்களூர்க்காரர் ஒருவர் முதலில் வந்தார். பிறகு பலர் வந்தார்கள். இவர் கடைசிக் கூட்டத்தில், முழங்கை வரைக்கும் கறுத்த எண்ணெயோடு வந்தார். சூளகிரி மேட்டில் செயின் உள்ளே விழுந்து சக்கரத்துக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டதாகவும், பிடுங்கி எடுப்பதற்குள் எல்லோரும் போய்விட்டதாகவும் அப்புறம் தெரிந்தது. வந்தவர் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு நேராகப் போய், ஜெயித்தவரின் கழுத்தைப் பிடித்தார்.

“மேட்டுல எட்டி ஒதச்சிட்டு வந்தியேடா, என் தள்ளிய.”

அந்த மனிதருக்குத் தமிழ் புரியவில்லை. “பிடு, பிடு” என்றார். கன்னடத்தில் விடு என்று அர்த்தம். இவர் விடவில்லை. முகத்தில் தலையால் முட்டினார். பெங்களூர்க்காரர் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டி, ஜெயித்ததற்காகப் போட்டிருந்த மாலையை நனைத்தது. அவருடன் வந்தவர் காற்றடிக்கும் பம்பைக் கழற்றி இவர் நெற்றியில் அடித்தார். இவரும் பம்பால் அடித்தவரும் கட்டிப் புரண்டு உருண்டார்கள். யாருடைய செருப்போ சைக்கிள்மேல் ஏறி இறங்கியது. பிரித்துவிட்டபோது இவர் வாயில் அடுத்தவரின் சட்டைப் பட்டன் இருந்தது.

வீட்டுக்கு வந்தோம். நெற்றியைத் துடைக்கப் போனேன், தள்ளிவிட்டார். சைக்கிள் வாசலில் கிடந்தது. அதைக் கவிழ்த்து நிறுத்தி, ஸ்பேனரை எடுத்துத் தள்ளியைப் பிடித்திருந்த நட்டைக் கழற்றினேன். ஏன் அந்த நேரத்தில் அதைச் செய்தேன் என்று கேட்டால், கைக்கு வேறு வேலை தெரியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

பின்னால் ஆணியிலிருந்து செயின் இறங்கும் சத்தம் கேட்டது.

“நீ மாட்டுன லட்சணம் இதுதானாடி?”

“காலைல நீங்கதான தொட்டீங்க.”

செயின் முதுகில் விழுந்தது. இரண்டாவது, கழுத்தோரத்தில். மூன்றாவதுக்கு அவர் கையை ஓங்கியபோது நான் எழுந்து திரும்பிவிட்டேன். கையிலிருந்த ஸ்பேனரால் அவர் மணிக்கட்டில் அடித்தேன். பலமாகத்தான் அடித்தேன். சுள்ளி ஒடிகிற சத்தம் கேட்டது. செயின் கீழே விழுந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை. நம்ப முடியாத ஒன்றைப் பார்த்தவர்போல என்னைப் பார்த்தார். நான் ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். “ரேஸ்ல வுழுந்துட்டேன் டாக்டர்” என்றார்.

“இல்ல டாக்டர். நான்தான் அடிச்சேன்” என்றேன்.

டாக்டர் வயதானவர். என் கழுத்தைப் பார்த்தார், அவர் கையைப் பார்த்தார். பிறகு என்னிடம், “உனக்கும் மருந்து போடணும், உக்காரும்மா” என்றார்.

வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது என் வீட்டுக்காரர் மெதுவாக, “அவருகிட்ட இன்னாத்துக்குச் சொன்ன?” என்று கேட்டார்.

“நடந்தது அதுதானுங்களே.”

மாவுக்கட்டு இருந்தவரை லாரி இல்லை, ரேஸ் இல்லை. இடது கையால் சாப்பிடப் பழகினார். நான் ஊட்டவில்லை. ஒரு மத்தியானம் நான் தள்ளியின் தகட்டை நிமிர்த்திக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து குந்தினார். பெடலை இடது கையால் சுற்றிக் கொடுத்தார். நான் திருகைத் திருப்பத் திருப்ப, செயின் சிறியதிலிருந்து பெரியதுக்கும் பெரியதிலிருந்து சிறியதுக்கும் ஏறி இறங்கியது.

“இப்ப உரசுதா?” என்று கேட்டேன்.

“கொஞ்சூண்டு.”

“அந்தக் கொஞ்சூண்டு இருக்கட்டும். வுழுறதுக்கு அது தேவலை.”

அவர் தலையாட்டினார்.

அவர் திருந்தினார் என்று சொல்ல மாட்டேன். அதன் பிறகும் எங்கள் வீட்டில் சாப்பாட்டுத் தட்டு பறந்திருக்கிறது, கதவு உடைந்திருக்கிறது. ரோட்டில் யாரையாவது அடித்துவிட்டு வருவார். என்மேல் மட்டும் கை வைக்கவில்லை. அது பயமா, மரியாதையா என்று நான் கேட்டதில்லை. எதுவாக இருந்தாலும் எனக்குப் போதுமாக இருந்தது.